காணும் பொங்கலுக்கு வேன் சொல்லியாச்சு: பிள்ளையார்பட்டியா, திருமயமா, ஆத்தங்குடியா?

ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் காரைக்குடி வீட்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவோம். சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம், கோயம்புத்தூரிலிருந்து தங்கை குடும்பம், அப்புறம் எங்கள் வீட்டு ஆட்கள். மூத்தவர் அப்பத்தா, வயது 83. இளையவள் தங்கை மகள், வயது 4. பொங்கலும் மாட்டுப் பொங்கலும் வீட்டோடு போய்விடும். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளூர்க்காரி என்பதால் கேள்வி நேராக என் தலையில் வந்து விழும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தேன். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, திருமயம், நான்கும் ஒரே நாளில். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. எதுவுமே காரைக்குடியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. ஆனால் பன்னிரண்டு பேர் குளித்துக் கிளம்பவே ஒன்பதரை. குன்றக்குடி மலையில் அப்பத்தாவை நின்று நின்று ஏற்றி இறக்கியதில் பன்னிரண்டு தாண்டிவிட்டது. பிள்ளையார்பட்டி வாசலில் வேன் நின்றபோது மணி ஒன்று ஐந்து. நடை சாத்தியாச்சு. இனி நாலு மணிக்குத்தான். சின்னது பசியில் அழுகிறது, பெரியதுகள் போனை நோண்டுகின்றன, அண்ணனும் மதினியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அப்பத்தா மட்டும் ஜன்னலோர சீட்டிலிருந்து நிதானமாகச் சொன்னார்: "ஏத்தா, எத்தனை படி, எத்தனை மணிக்கு நடை சாத்துவாக, சாப்பாடு எங்கன. இந்த மூணையும் கேட்டுட்டுல்ல வண்டிய எடுக்கணும்."

அன்றிலிருந்து இந்த மூன்றையும் வைத்துத்தான் ஊர் சுற்றுவதைத் தீர்மானிக்கிறோம். இந்தப் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன். 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' மாதிரிப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் படி எத்தனை என்று இருக்காது.

பிள்ளையார்பட்டிக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அப்பத்தாவின் ஓட்டு எப்போதும் அதற்குத்தான். குன்றைக் குடைந்து செய்த கோயில் என்றாலும் ஏறுவதற்கு மலை கிடையாது. தரையோடு தரையாக உள்ளே போய்விடலாம். கற்பக விநாயகருக்கு மற்றப் பிள்ளையார்கள் போல நாலு கை இல்லை, இரண்டே கை. தும்பிக்கை வலம் சுழிந்திருக்கும். இந்த இரண்டையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். வரிசையில் நிற்கும்போது "கை எத்தனைன்னு எண்ணிட்டு வா" என்று ஒரு வேலை இருந்தால் சிணுங்கல் பாதியாகக் குறையும். பாண்டியர் காலத்துக் குடைவரை இது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்றும் ஆயிற்று. விநாயகர் சதுர்த்திக்குப் பத்து நாள் திருவிழா நடக்கும். சதுர்த்தியன்று முக்குறுணி (குறுணி என்பது பழைய முகத்தல் அளவு) அரிசியில் ஒற்றைக் கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். அதைப் பார்க்க ஆசை இருந்தால் கூட்டத்துக்கும் தயாராகத்தான் வர வேண்டும். குழந்தையோடு அன்றைக்கு வருவதை நான் சொல்ல மாட்டேன். பொங்கல் விடுமுறையிலும் பத்து மணிக்கு மேல் வரிசை நீளும். ஆறரைக்குப் போனால் அரை மணியில் பார்த்துவிட்டு வந்துவிடலாம். குறை என்னவென்றால், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது 'இன்னொரு கோயில்'. அரை மணிக்கு மேல் அவர்களைப் பிடித்து வைக்க முடியாது.

குன்றக்குடியும் அதே சாலையில்தான். சண்முகநாதர் மயில்மேல் உட்கார்ந்திருப்பார். வள்ளியும் தெய்வானையும் ஆளுக்கொரு மயிலில். தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார் காவடிகள் இங்கே கூடித்தான் பழனிக்கு நடக்கத் தொடங்கும். அந்த நாட்களில் சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். மலை சின்னதுதான், ஆனால் எண்பது தாண்டிய முழங்காலுக்குச் சின்ன மலை என்று ஒன்று கிடையாது. முதியவர் இல்லாத குடும்பமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வேன் அங்கே நிற்பதில்லை.

திருமயத்தைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் தப்பான எண்ணம் இருந்தது. கோட்டை, வெயில், பாறை, இது இளவட்டங்களுக்கானது, பெரியவர்களைக் கூட்டிப் போக முடியாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். போன வருஷம்தான் புரிந்தது, இந்தப் பக்கத்திலேயே குடும்பத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கத்தையும் சந்தோஷமாக வைத்திருக்கக்கூடிய இடம் அதுதான். மலை அடிவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில்கள், ஒன்று சிவனுக்கு, ஒன்று பெருமாளுக்கு. சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையிலேயே அவ்வளவு பெரிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். தலையிலிருந்து பாதம் வரை பார்க்க நாமே இரண்டு எட்டு நகர வேண்டும். அப்பத்தாவையும் அம்மாவையும் அங்கே இறக்கிவிட்டோம். கல் மண்டபம், குளுகுளுவென்று இருந்தது. ஒன்றரை மணி நேரம் அவர்கள் எங்களைத் தேடவே இல்லை.

நாங்கள் பிள்ளைகளோடு கோட்டைக்குப் போனோம். 1687-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. ஊர்க்காரர்கள் ஊமையன் கோட்டை என்பார்கள், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக. தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் சொற்பம், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பாறைமேல் ஏறும் வழியில், ஒரு பக்கம் செங்குத்தான பாறையில் சிறிதாக ஓர் அறை குடைந்து லிங்கம் வைத்திருக்கிறார்கள். அங்கே போக இரும்பு ஏணி. அண்ணன் மகனுக்கு 13 வயது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தவன், ஏணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஏறினான். உச்சியில் பீரங்கி ஒன்று இன்னமும் இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்காரத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. வேண்டாம், வெயிலில் இரும்பு கொதிக்கும். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் கண்மாய்களும் பொட்டலும். மார்கழி, தை மாதத்தில் கண்மாய்களில் தண்ணீர் கிடந்து அழகாக இருக்கும். சித்திரையில் வந்தால் இதே காட்சி கண்ணைக் கூசும்.

நேரம்தான் இங்கே முக்கியம். எட்டு மணிக்குக் கோயில், ஒன்பதுக்குக் கோட்டை, பதினொன்றுக்குள் இறங்கிவிட வேண்டும். மேலே நிழல் கிடையாது, தண்ணீரும் கிடையாது, கையோடு கொண்டுபோக வேண்டும். நான்கு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பதால் ஒரு பலசாலி மாமா அவசியம். திரும்பும்போது சாலையைப் பார்த்த மதில் சுவரில் கோட்டை பைரவர். அந்த வழியாகப் போகிற லாரி, பஸ், கார் எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும். எங்கள் டிரைவர் அண்ணனும் நிறுத்தினார். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்?

அடுத்தது வீடுகள். செட்டிநாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே இதற்காகத்தான் என்றாலும், உள்ளூர்க் குடும்பங்கள் இதை ஒரு போக்கிடமாகவே நினைப்பதில்லை. "வீட்டைப் போய் என்னத்தப் பாக்குறது" என்பார் எங்கள் அம்மா. மதினிக்கு மட்டும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் கட்டியது. ஆனால் உள்ளே விடுவார்கள் என்று நம்பிக் கிளம்பாதீர்கள், பெரும்பாலும் வெளியில் நின்று படம் எடுப்பதோடு சரி. ஆத்தங்குடியில் பெரிய வீட்டை நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். முகப்பு, பட்டாலை என்கிற கூடம், வளவு என்கிற உள்முற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பர்மாத் தேக்குத் தூண்கள், மரவேலை செய்த மேற்கூரை, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர். அந்தச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள், மதியம் ஒரு மணிக்கும் சில்லென்று இருக்கும். வெயில் நேரத்தில் போகக்கூடிய ஒரே இடம் இது என்பதுதான் இதன் பெரிய பலம். கோயில் நடை சாத்தியிருக்கும், கோட்டை கொதிக்கும், இங்கே வளவில் நிழல் இருக்கும்.

பிள்ளைகளுக்கு வீட்டைவிடத் தரைக்கல் பட்டறைதான் பிடிக்கும். நான் எதிர்பார்க்கவே இல்லை, அரை மணி நேரம் அசையாமல் நின்றார்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமென்ட்டைத் தோசை மாவு மாதிரி ஊற்றுகிறார்கள், சிவப்பு இதழுக்கு, பச்சை இலைக்கு, மஞ்சள் நடுவுக்கு. அப்புறம் அச்சை மேலே தூக்குகிறார் பாருங்கள், அந்த ஒரு நொடி! நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். என் தங்கை மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அதன்மேல் மணலும் சிமென்ட்டும் பரப்பி அமுக்கி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போடுவார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது, மெருகு போட்டதில்லை. ஒரு எச்சரிக்கை: பொங்கல் நாட்களில் பட்டறைகளில் ஆள் இருப்பது சந்தேகம். ஒரு காணும் பொங்கலன்று போய், காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். வேலை நாளில் போங்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டைக் கேட்பவர்கள் உண்டு. தை 3-ஆம் நாள் நடப்பது, பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில்தான். எங்கள் வீட்டு ஆண்கள் போவார்கள், நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். ஆனால் அது வாடிவாசலும் தடுப்புமாக நடக்கிற ஜல்லிக்கட்டு மாதிரி மட்டும் இல்லை. பொட்டலிலும் வயலிலும் கட்டுமாடுகளை அவிழ்த்து விடுவார்கள், எந்தப் பக்கமிருந்து மாடு வரும் என்று தெரியாது. வேடிக்கை பார்க்க நின்றவர்களே முட்டுப்பட்டிருக்கிறார்கள். குழந்தையோடு வேண்டவே வேண்டாம். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்தச் சாலையே நெரிசலாக இருக்கும் என்பதையும் பிள்ளையார்பட்டிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று, திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-ல் சரணாலயமாக அறிவித்தது. கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் கார்த்திகையிலிருந்து மாசி வரை மரமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று. மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் பறவையும் இல்லை, அதனால் கிளம்பும் முன் அந்தப் பக்கம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பறவைகள் பயந்துவிடும் என்று. இதை என் அண்ணன் மகள்களிடம் சொன்னபோது, "ஒண்ணுகூடவா? கம்பி மத்தாப்பு?" என்று கேட்டார்கள். அது சத்தம் போடாதே, அதைக் கொளுத்துவார்களாக இருக்கும் என்றேன். படி இல்லை, நடை சாத்தும் நேரம் இல்லை, செலவும் இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், பேசாமல் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இரண்டாவது நடக்காது.

சரி, சாப்பாடு. அப்பத்தாவின் மூன்றாவது கேள்விதான் உண்மையில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். பண்டிகைப் பலகாரத்தை வீட்டில் செய்வதா, கடையில் வாங்குவதா, ஆள் வைத்துச் செய்வதா, இல்லை வெளியே போய் இலையில் உட்கார்ந்துவிடுவதா.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றிய இடங்களில் செட்டிநாட்டு மதியச் சாப்பாடு நன்றாகவே போடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இரண்டு பேர், நாலு பேர் என்றால் தாராளமாகப் போகலாம். உப்புக்கறியும் கோலா உருண்டையும் நண்டு ரசமும் வரும். பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அண்ணன் அமைதியாகிவிட்டார். மேலும் அதில் பாதிப் பேர் பிள்ளைகள். மிளகுக் காரத்தில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பளம் மட்டும் கேட்பார்கள்.

பலகாரத்தில் என் கணக்கு எளிமையானது. ஊருக்குக் கொண்டுபோவது கடையில், சுடச்சுடச் சாப்பிடுவது வீட்டில். தேன்குழல், சீப்புச்சீடை, கைமுறுக்கு, மனகோலம், அதிரசம் எல்லாம் டப்பாவில் போட்டால் சென்னை வரை போய் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். காரைக்குடியில் இவற்றை வீட்டுப் பக்குவத்தில் செய்து எடைக்குப் போடுகிற ஆச்சிமார்கள் இருக்கிறார்கள். சீப்புச்சீடையை வீட்டில் செய்ய ஒருமுறை உட்கார்ந்தேன். மாவை வரிவரியாகப் பிழிந்து, துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி ஓரம் ஒட்ட வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு மூன்று பேர் ஒரு மத்தியானம். அந்த வேலைக்கு அவர்கள் கேட்கும் விலை ரொம்பக் குறைச்சல் என்றுதான் சொல்வேன்.

வெள்ளைப் பணியாரம் அப்படி இல்லை. அதை வாங்கிக் கொண்டுவந்து ஆறவைத்துச் சாப்பிடுவது பாவம். பச்சரிசியை ஒரு டம்ளர் தலைதட்டி எடுத்து, அதே டம்ளரின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, நிற்கிற மட்டும் நிற்கட்டும், அதுதான் அளவு. தராசெல்லாம் வேண்டாம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் குறைவாக விட்டு வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். உப்பு, ஒரு சிட்டிகைச் சீனி, கொஞ்சம் பால். புளிக்க விடக் கூடாது. சின்ன இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி. ஒன்றுதான், இரண்டாவதை ஊற்றினால் இரண்டும் கெடும். மாவு மேலே வந்து தட்டாகப் பரவி நடுவில் உப்பும். திருப்பிப் போட்டு நிறம் மாறும் முன் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் அப்பத்தா, "இதென்ன வெள்ளைப் பணியாரமா, வெந்த பணியாரமா?" என்பார். வரமிளகாய்ச் சட்னி பக்கத்தில்.

இதில் சிக்கல் புரிந்திருக்கும்: ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் முப்பத்தாறு. சுடுகிறவர் கடைசியில்தான் சாப்பிடுவார், அந்த ஆள் எப்போதும் ஒரே ஆள். ஊர் சுற்றிவிட்டு வந்த களைப்பில் அடுப்புமுன் நின்றுகொண்டு, கூடத்தில் எல்லோரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இரண்டு வருஷமாகப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சமையல் அம்மாவை மாலை மட்டும் வரச் சொல்கிறோம். மாவு நாங்கள் ஆட்டி வைத்துவிடுவோம். அவர் வெள்ளைப் பணியாரமும் மசாலாச் சீயமும் சுட்டுத் தருவார். கூலி, எண்ணெய், சாமான் எல்லாம் சேர்த்தாலும் வெளிச் சாப்பாட்டில் பாதிக்குக் கீழே. கவுனி அரிசி மட்டும் அப்பத்தா பொறுப்பு. முந்தின ராத்திரியே ஊறப் போட்டால்தான் அந்தக் கறுப்பரிசி வேகும்; வெந்தபின் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறுவதற்குக் கரண்டியை யாரிடமும் தர மாட்டார்.

ஆக, இந்த வருஷம் இப்படி முடிவாகியிருக்கிறது. காணும் பொங்கலன்று திருமயம் மட்டும். சிராவயல் சாலைக்கு எதிர்த்திசை என்பது ஒரு வசதி. ஏழு மணிக்கு வேன், காலைச் சாப்பாட்டுக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டி எடுத்துக்கொள்கிறோம். பதினொன்றரைக்குத் திரும்பும் வழியில், கால் வலிக்காதவர்கள் ஆத்தங்குடி பெரிய வீட்டில் இறங்கலாம். மற்றவர்கள் வேனிலேயே வீட்டுக்கு. மதியம் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும், மாலைதான் பணியாரம் இருக்கிறதே. பிள்ளையார்பட்டிக்கு மறுநாள் விடியற்காலையில் நானும் அப்பத்தாவும் மட்டும் ஆட்டோவில் போய்வருகிறோம். மற்றவர்கள் தூங்கட்டும்.

தரைக்கல் பட்டறை பார்க்க வேண்டும் என்று சின்னவள் இப்போதே போனில் கேட்டுவிட்டாள். பொங்கலுக்கு மறுவாரம் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றால், "லீவு போடச் சொல்லு பெரியம்மா" என்கிறாள். தங்கையிடம் இன்னும் பேசவில்லை.